லெப்ட் பக்குக்கு ஒரு கோல்கீப்பர்

அரியரத்தினம் ஒரே முகத்தை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டியிருந்தது. வில்லங்கம் முழுக்க அதிலிருந்து வந்ததுதான்.

வெளிநாட்டவர் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, மாதா மாதம் அவனுடைய அட்டையில் முத்திரை குத்தி, இன்னும் கொஞ்ச நாள் இந்த நாட்டில் இருந்துகொள் என்று விடுகிற மனிதர் வீகான்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக் கோட்டோரம் குடையோடு நின்று "அரி! அரி!" என்று தொண்டை கிழியக் கத்துகிறவரும் அதே வீகான்ட். ஹனோவரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் தள்ளிக் கிடந்த அந்தச் சின்னப் பட்டினத்தின் பந்தடிக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். சம்பளம் இல்லை. கந்தோர் விட்டு வந்து புல்லு வெட்டுவார், சுண்ணாம்புக் கோடு போடுவார், பெடியளின் சப்பாத்துக்கு ஆணி மாற்றுவார். ஆனால் அரியரத்தினம் கண்ட கந்தோர்க்காரர் எல்லோரும் வீட்டில், கடையில், கோயிலில், எங்கே நின்றாலும் கந்தோர்க்காரர்தான். சாரம் கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில்தானே நிற்கிறார் என்று நம்பி ஊர் அதிகாரியான விதானையாரிடம் வாய் விட்டுவிட்டு அலைந்தவர்களை அவனுக்குத் தெரியும்.

கழகத்தில் சேர்ந்த விதமும் அவனுடைய சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றினதுபோல இருந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு கார்த்திகை மாதம் அட்டையை நீடிக்க வரச் சொல்லித் தெர்மீன், ஒரு நாளும் நேரமும், கொடுத்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஹைமில் இருந்து சிறீதரன் வந்தான். ஹைம் என்பது முன்பு ஒரு சாப்பாட்டு விடுதியாக இருந்த கட்டடம். இப்போது மேல்மாடி முழுக்க அகதிகள். சிறீதரன் ஏ லெவல் படித்தவன், அகராதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிகிறவன், வாய் சும்மா இருக்காது. "இந்த அண்ணை ஊரில பெரிய பந்தடிகாரன்" என்று தேவையில்லாமல் அவிழ்த்துவிட்டான். வீகான்டின் முகம் மலர்ந்தது. லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அட்டையில் குத்தின அதே மேசையில், அதே பேனையால், இங்கே ஒரு கையெழுத்து வை என்று விரலை வைத்துக் காட்டினார். அட்டைக்கு ஒட்டின படத்தில் மிஞ்சின ஒன்றை வாங்கிக் கழகத்துப் பாஸில், விளையாடுகிற உரிமைச் சீட்டில், ஒட்டினார்.

எழுத்து வாசிக்கத் தெரியாத பாசையில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்த அரியரத்தினம், "என்னடா அது?" என்று கேட்டான்.

"பந்தடிக்கிறதுக்கு அண்ணை. இனி நீங்கள் இவையின்ர ஆள்."

இவையின்ர ஆள். சிறீதரன் பகிடியாகச் சொன்னான். அரியரத்தினம் அதைக் கட்டிப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டான்.

விளையாட்டு அவனுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ஊரில், பாசையூர்க் கடற்கரை மணலில் உதைத்துப் பழகின கால். புல்லில் அது தானாக ஓடியது. லெப்ட் பக்காக, இடது பக்கத்துக் காவலில் நிற்பான். நடுக்கோட்டைத் தாண்டமாட்டான். தன் பக்கத்தால் ஒருத்தனையும் போகவிடமாட்டான். விழுத்தினவனைத் தூக்கியும் விடமாட்டான். சனம் அதற்கே கை தட்டியது. அகதிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சாப்பாட்டுப் பொதி தருவார்கள், படுக்கலாம், எழும்பலாம். ஆகவே செவ்வாயும் வியாழனும் பயிற்சி, ஞாயிறு போட்டி என்று ஒன்று இருந்தது நல்லதுதான். ஆனால் அதை விருப்பம் என்று சொல்ல முடியாது. சுகமில்லாத நாட்களிலும் போனான். முழங்கால் வீங்கின மாதத்திலும் துணி சுற்றிக்கொண்டு போனான். போகாவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அந்த முகம் என்ன கேட்குமோ என்ற பயம்.

அடுத்த வருடம் மாரி தொடங்கப் பேர்பெச்சுவா வந்துசேர்ந்தாள். கிழக்கு பெர்லின் வழியாக, மெல்லிய சாரியோடும் ஒரு சின்னப் பெட்டியோடும். அவளை ஹனோவரில் போட்டார்கள். அவள் அரியரத்தினத்துக்கு என்று பேசி வைத்த பெண். ஊரில் இரண்டு வீட்டுக்காரரும் மோதிரம் மாற்றிவிட்டிருந்தார்கள், கலியாணம் எழுதுவதற்குள் இவன் ஓடிவரவேண்டி வந்துவிட்டது. கட்டின மனிசி என்றால் ஒரே இடத்தில் விடுவார்கள். பேசி வைத்தவள் என்பதற்கு ஜெர்மன்காரரின் படிவத்தில் கட்டம் இல்லை. இங்கே எழுதலாம் என்றால் ஊரிலிருந்து கடுதாசி வரவேண்டும். கடுதாசி எடுக்கிற கந்தோர் எரிந்துபோய்க் கிடந்தது. ஒரே பட்டினத்தில் இருந்தால் கோயில் பாதிரிச் சுவாமியைப் பிடித்து ஏதாவது ஒரு வழி பார்க்கலாம் என்று பேர்பெச்சுவாவுக்கு அடைக்கலம் கொடுத்திருந்த கமலநாயகி அக்கா சொன்னா. ஒரே பட்டினத்தில் இருக்கத்தான் வழி இல்லை. அகதி தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருமுறை களவாகப் போய் ஹனோவர் ஸ்டேஷனிலேயே பொலிசிடம் பிடிபட்டான். அந்த அறிவித்தல் எங்கே வந்தது? வீகான்டின் மேசைக்கு. அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சுட்டுவிரலை இரண்டு தரம் ஆட்டினார். அடுத்த ஞாயிறு அதே விரலால் "முன்னுக்குப் போ" என்று காட்டினார்.

அப்போதுதான் டீட்டரின் அலுவலும் நடந்தது. டீட்டர் கழகத்தின் முன்வரிசைக்காரன், உள்ளூர்க் கசாப்புக்கடைக்காரனின் மகன். பக்கத்துப் பட்டினத்துக் கழகம் ஒரு பழைய காரைக் காட்டி அவனை இழுத்துக்கொண்டது. கழகத்து வீட்டுச் சுவரில் இருந்த அவனுடைய படத்தைக் கழற்றிவிட்டார்கள். அவன் எதிர்ப்பக்கச் சட்டையோடு வந்து விளையாடின அன்று, கிழவிகள்கூட வேலியில் தொங்கிக்கொண்டு ஏசினார்கள். ஆட்டம் முடிய அவன் நீட்டின கையை வீகான்ட் பிடிக்கவில்லை. குடையைச் சுருக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அரியரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொந்தச் சாதிக்காரனுக்கே இது என்றால், முத்திரைக்கு வரிசையில் நிற்கிறவனுக்கு என்ன?

எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில் லோமான் என்று ஒருவர் வந்து இரண்டு ஆட்டம் பார்த்தார். ஹனோவரில் டயர்க் கடை வைத்திருக்கிறவர். அங்கே இதைவிட இரண்டு படி மேலே விளையாடுகிற கழகம் ஒன்றின் பொறுப்பாளர். இரண்டாம் ஆட்டம் முடிய, கார் விடுகிற இடத்தில் சிறீதரனை நடுவில் நிறுத்திக் கதைத்தார். எங்களிடம் வா. டயர்க் கடைக்கு மேலே அறை ஒன்று இருக்கிறது. ஹனோவருக்கு மாற்றுகிற அலுவலை என் வக்கீல் பார்ப்பார், முந்தி ஒரு பெடியனுக்குப் பார்த்தவர்.

"என்ன சொல்ல, அண்ணை?"

அரியரத்தினம் லோமானின் சப்பாத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான், சிறீதரனின் தோளில் கிடந்த புத்தம்புதிய நீலச் சட்டையைப் பார்த்தான்.

"இது ஆர் தந்தது?"

"அவர்தான். குளிருக்கு."

"வைகாசியில என்ன குளிர்?"

என்றாலும் ஓம் என்றான். பேர்பெச்சுவாவை நினைத்துத்தான். அன்று பின்னேரமே தபால் கந்தோர் முன்னால் நின்ற மஞ்சள் டெலிபோன் பெட்டிக்குள் புகுந்து, சில்லறையைப் போட்டுக் கமலநாயகி அக்கா வீட்டுக்கு அடித்தான். பேர்பெச்சுவா இன்னொருக்கால் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "உண்மையாவோ? பிறகு ஏலாதெண்டு சொல்லக்கூடாது" என்றாள். அவளுடைய தமையன் மொன்றியலில் இருந்தான். அங்கே தனியாக நில்லாதே, களவாக ஏற்றி அனுப்புகிற ஆள் ஒருத்தனைப் பிடித்து இங்கே கூப்பிடுகிறேன் என்று மாதத்துக்கு ஒருக்கால் சொல்லிக்கொண்டிருந்தான். "நீங்கள் வாறியள் எண்டால் நான் அவனுக்கு வேண்டாமெண்டு சொல்லுவன்" என்றாள்.

"வாறன்" என்றான் அரியரத்தினம்.

ஆனி மாதம் முடிவதற்குள் பாஸை மாற்ற வேண்டும். பிந்தினால் பாதி வருடத்துக்கு ஒரு பக்கமும் விளையாட முடியாது. அந்த மாதத்து வியாழன் ஒன்றில் பயிற்சி முடிய, கழகத்து வீட்டுக்குள் வரச் சொன்னார்கள். நீட்டு மேசை. ஒரு பக்கம் வீகான்ட், அவர் பக்கத்தில் லோமான். இரண்டு பேரும் ஒரே போத்தலில் இருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே சிறீதரன். அரியரத்தினம் வாசலிலேயே நின்று அந்தப் போத்தலைப் பார்த்தான். இவர்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எதிரி என்றல்லவா நினைத்திருந்தான்?

வீகான்ட் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"அண்ணை, இவர் கேக்கிறார், உங்களுக்குப் போக விருப்பமோ எண்டு."

"ஆர் கேக்கிறது?"

"வீகான்ட்தான்."

"அவர் ஏன் என்னட்டக் கேக்கிறார்?"

"கேக்கத்தானே வேணும்? கால் உங்கட. அவற்ற காலே?"

அரியரத்தினத்துக்கு வேறொரு கேள்வி ஞாபகம் வந்தது. எண்பத்துநாலில் ஊரில் ஒரு காலைநேரம் ஆமி அவர்களுடைய தெருவை வளைத்து, பெடியள் எல்லோரையும் வெயிலில் குந்தவைத்தது. ஆமிப் பெரியவன் ஒருவன் வந்தான். நல்ல மனிதன் போல, ஓட்டைத் தமிழில், ஆருக்கு வீட்ட போக விருப்பம், கையைத் தூக்குங்கோ என்றான். தூக்கினவர்களை லொறியில் ஏற்றினார்கள். தூக்காதவர்களை மத்தியானம் விட்டார்கள். அரியரத்தினம் தூக்காதவன். அன்றிலிருந்து அவனுக்கு ஒன்று தெரியும்: உனக்கு என்ன விருப்பம் என்று மேலிடத்தில் இருந்து ஒருத்தன் கேட்டால், அது விருப்பத்தை அறிகிறதற்கு இல்லை.

"போக விருப்பமில்லையெண்டு சொல்லு."

சிறீதரன் வாயைப் பிளந்தான். "அண்ணை, அண்டைக்கு ஓமெண்டனீங்கள்!"

"இண்டைக்கு இல்லையெண்டுறன்."

"உங்களுக்கு விசரே? கேளுங்கோ. உங்களைக் குடுத்திட்டு இவை அங்கயிருந்து ஒரு கோல்கீப்பரை எடுக்கினம். ரெண்டு பகுதியும் பேசி முடிச்சிட்டுது. இவையின்ர கோல்கீப்பர் கிழடு, வயிறும் வண்டி வைச்சிட்டுது. இவைக்கும் சந்தோசம், அவைக்கும் சந்தோசம். நீங்கள் தலையை ஆட்டினாக் காணும்."

"லெப்ட் பக்குக்கு ஒரு கோல்கீப்பரோ? என்ர ஒரு காலுக்கு அவன் ஒரு முழு ஆளைத் தருவானோ? நீ படிச்சனீதான் தம்பி, உனக்கு உலகம் விளங்காது. இது வாயைப் பிடுங்கிற கேள்வி."

"கோல்கீப்பர் வெளியில காருக்குள்ள இருக்கிறானண்ணை! எட்டிப் பாருங்கோவன்!"

அரியரத்தினம் யன்னலால் பார்த்தான். காரின் முன்சீட்டில் செம்பட்டை முடியோடு ஒரு பெடியன் இருந்தான். மடியில் பை. அதற்கு மேலே ஒரு சோடி மொத்தக் கையுறை. அப்படியானால் ஆளைக் கொண்டுவந்தே வைத்துத்தான் சோதிக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். அவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார்கள்.

வீகான்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முன்னுக்குச் சரிந்து, மெதுவாகக் கேட்டார். அரி, உண்மையாகச் சொல். போக விருப்பமா? சிறீதரன் மொழிபெயர்க்க முதலே அரியரத்தினம் தனக்குத் தெரிந்த ஜெர்மனில், இல்லை, இங்கே நல்லம் என்று பதில் சொன்னான்.

"நைன். ஹியர் குட்."

வீகான்டின் கண் நனைந்தது. லோமான் தோளைக் குலுக்கிவிட்டு, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார். வெளியே கார் ஸ்டார்ட் ஆனது. அந்தச் செம்பட்டைப் பெடியன் கையுறையோடு வந்த மாதிரியே திரும்பிப் போனான்.

ஹைமுக்கு நடந்து வருகிற வழி முழுக்கச் சிறீதரன் திட்டினான்.

"அந்தாள் அழுதவர், கண்டனீங்களோ?"

"கண்டன். பொய் சொல்லுறனோ எண்டு உத்துப் பாத்தவன். உத்துப் பாத்தாக் கண்ணில தண்ணி வரும்."

"கழகம் வேற, கந்தோர் வேற எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"முகம் ஒண்டுதானே?"

"ஐயோ கடவுளே. பேர்பெச்சுவா அக்காவுக்கு என்ன சொல்லப் போறியள்?"

அரியரத்தினம் நடையைக் கூட்டினான். உள்ளுக்குள் தேடிப் பார்த்தான், ஒன்றும் இருக்கவில்லை. நெடுநேரம் மடித்து வைத்திருந்த கால் விறைத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது. அந்த மாதிரி நெஞ்சுக்குள் ஒரு பக்கம் கிடந்தது.

அவளுக்கு டெலிபோன் அடித்தபோதும் அவன் காரணம் சொல்லவில்லை. டெலிபோனை ஆராவது ஒட்டுக் கேட்பார்கள் என்பது அவனுடைய எண்ணம். அரசாங்கத்துப் பெட்டி, அரசாங்கத்துக் கம்பி, பிறகு என்ன?

"எப்ப வாறியள்?" என்றாள் பேர்பெச்சுவா. "அக்கா கட்டில் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறா."

"வரேல்ல."

"என்ன?"

"ஏலாது. இஞ்சதான் நிக்கவேணும்."

"ஏனெண்டு சொல்லுங்கோவன்."

"பிறகு சொல்லுறன்."

"பிறகெண்டால் எப்ப? எழுதுவியளோ?"

அவனுக்கு எழுத்து அவ்வளவு வராது. கடிதமும் உடைத்துப் பார்க்கிற சாமான்தான். சில்லறை ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது.

"பந்தை விட்டிட்டு வர ஏலாதாக்கும்" என்றாள் அவள். "கை தட்டுகினமாம் எண்டு கேள்விப்பட்டன். ஆவணி முடியும் வரைக்கும் பாப்பன். பிறகு நான் அண்ணனுக்கு ஓமெண்டிடுவன். சொல்லிப்போட்டன்."

ஆடி மாதம் அட்டை நீடிக்கப் போனான். இன்னும் ஹனோவருக்குப் போகலாமோ என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனான். வீகான்ட் கண்ணாடிக்குள்ளால் சிரித்து, ஏதோ பந்துக் கதை சொல்லி, முத்திரையை டக்கென்று குத்தி அட்டையைத் தள்ளினார். முன்பு ஒரு மாதத்துக்குக் குத்துகிறவர், இந்த முறை மூன்று மாதத்துக்குக் குத்தியிருந்தார். அது அவனுடைய பயத்தை உறுதிப்படுத்திவிட்டது. இல்லையென்று சொன்னதற்குக் கூலி, இரண்டு மாதம் கூட. ஓமென்றிருந்தால்? "டாங்க" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தான். வெளியே வந்த பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் திரும்பிப் போகவில்லை.

ஆவணியில் புதிய பருவம் தொடங்கியது. கிழட்டுக் கோல்கீப்பரின் பேர் ஹோர்ஸ்ட். நல்ல மனிதன், பந்து வரும்போது குனியமாட்டான், போன பிறகு குனிவான். முதல் இரண்டு ஆட்டத்திலும் வலை கிழிய வாங்கினார்கள். அரியரத்தினம் தன் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றான். மற்றப் பக்கத்தால் வந்தது.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மைதானத்தில் கழகத்து விழா. கூடாரம் அடித்து, இருந்து சாப்பிட வாங்குகள் போட்டு, இறைச்சி சுட்டு, பீப்பாய் உடைத்துப் பகல் முழுக்கக் கூத்து. பின்னேரம் வீகான்ட் மேசையில் ஏறி நின்று பேசத் தொடங்கினார். வழக்கமாக வருடக்கணக்காக விளையாடிய கிழவர்களைக் கூப்பிட்டுச் சட்டையில் கழகத்துச் சின்னம் பொறித்த மரியாதை ஊசி குத்துவார்கள். அன்று முதல் பேராக "அரி" என்று கூப்பிட்டார்கள். அரியரத்தினம் தட்டோடு எழும்பினான். சிறீதரன் ஓடிவந்து தட்டைப் பறித்து வாங்கில் வைத்துவிட்டு அவனைத் தள்ளிக்கொண்டு போனான்.

வீகான்ட் பேசப் பேசச் சிறீதரன் காதுக்குள் சொன்னான்: "டீட்டர் ஒரு காருக்குப் போனவனாம். உங்களுக்கு ஒரு முழுப் பட்டினத்தையும் காட்டினவங்களாம். நாங்களே உங்களைக் குடுத்துக் கோல்கீப்பரை எடுக்க ஓம்பட்டிட்டம், அதை ஒளிக்கேல்ல எண்டுறார். ரெண்டு தரம் கேட்டவராம். ரெண்டு தரமும் இஞ்சதான் நல்லமெண்டு சொன்னீங்களாம். அதுக்குப் பிறகு மனுசனைக் குடுத்து மனுசனை வாங்க நினைச்சதுக்குத் தான் வெக்கப்பட்டவராம். கோல் விழுந்தா விழட்டும், அரி எங்கட ஆள் எண்டுறார்."

கூடாரம் எழும்பி நின்று கை தட்டியது. ஹோர்ஸ்ட் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். வீகான்ட் மேசையால் இறங்கி, அரியரத்தினத்தின் நெஞ்சில் ஒரு சின்ன வெள்ளி ஊசியைக் குத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசு என்றார்.

"என்னத்தைப் பேசிறது? என்னை ஏன்டா இப்பிடிச் சனத்துக்கு முன்னால நிக்க வைச்சிருக்கிறியள் எண்டு கேள்."

சிறீதரன் தொண்டையைச் செருமி, ஜெர்மனில் கொஞ்சம் நீளமாகவே சொன்னான். சனம் மறுபடி தட்டியது. ஒரு கிழவி கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"என்னடா சொன்னனீ?"

"இந்தக் கழகம் என்ர தாய்வீடு எண்டு சொன்னீங்கள்."

சனம் பீப்பாய்ப் பக்கம் போனபோது, அரியரத்தினம் சிறீதரனின் கையைப் பிடித்தான். பிடி நோகிற பிடி.

"அவரை இஞ்சால கூப்பிடு. அண்டைக்கு நான் ஓமெண்டிருந்தால் என்ர அட்டைக்கு என்ன செய்திருப்பார் எண்டு கேள். நான் சொல்லுற மாதிரியே கேள். தாய்வீடு பூனைவீடு எண்டு போடாதை."

சிறீதரன் அப்படியே கேட்டான். வீகான்டுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த அட்டை என்றார். சிறீதரன் திருப்பி, விரிவாக, கையையும் ஆட்டிச் சொன்னான். சொல்லச் சொல்ல வீகான்டின் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. கையில் இருந்த கிளாசை வைக்க இடம் தேடி, புல்லிலேயே வைத்தார்.

"ஒண்டும் செய்திருக்கமாட்டாராம்," என்றான் சிறீதரன். அவனுடைய குரலும் இறங்கியிருந்தது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமெண்டுறார். கை குடுத்து அனுப்பியிருப்பாராம். மூண்டு மாதம் குத்தினது எல்லாருக்குமாம், புது ஒழுங்காம்."

"டீட்டருக்குக் கை குடுக்கேல்லையே?"

சிறீதரன் கேட்டான். "டீட்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினவனாம்."

"இப்ப போகலாமோ எண்டு கேள்."

வீகான்ட் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சொன்னார். பாஸ் மாற்றுகிற தவணை ஆனியோடு முடிந்தது. லோமான் இதற்குள் வேறொரு லெப்ட் பக்கை எடுத்துவிட்டார். கழகம் கூப்பிடாமல், வக்கீல் இல்லாமல், ஹனோவர்க் கந்தோர் தன் பக்கத்துக்கு ஒரு அகதியை ஏற்காது. திங்கட்கிழமை தானே ஒரு கடிதம் எழுதுவாராம். நம்பிக்கை வைக்க வேண்டாமாம். பிறகு அரியரத்தினத்தின் தோளில் கையை வைத்தார், ஊசியை ஒருக்கால் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். ஊசியைத் திருப்பிக் கேட்கப் போகிறாராக்கும் என்று அரியரத்தினம் நினைத்தான். அவர் கேட்கவில்லை.

தபால் கந்தோர்ப் பெட்டி மைதானத்திலிருந்து தூரமில்லை. பேர்பெச்சுவாதான் எடுத்தாள்.

"வியாழக்கிழமை அண்ணனிட்ட வெளிக்கிடுறன்" என்றாள் முதலே. "அனுப்புற ஆள் இப்பத்தான் சரிவந்தது. பிந்தினா இடம் போயிடும். உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

அரியரத்தினம் சொன்னான். ஆர் கேட்டாலும் கேட்கட்டும் என்று முழுவதையும் சொன்னான்: கையெழுத்து, முகம், லொறி, போத்தல், காருக்குள் இருந்த பெடியன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள்.

"அப்ப விட்டிருப்பினமோ?"

"ஓம்."

"இப்ப?"

"இப்ப ஏலாது."

பின்னால் கமலநாயகி அக்கா "ஆர் பிள்ளை?" என்று கேட்கிற சத்தம் வந்தது. பேர்பெச்சுவா குரலைத் தணித்தாள்.

"எனக்கு ஒருக்காச் சொல்லியிருந்தா நான் வந்து அந்தாளோட கதைச்சிருப்பன். இல்லாட்டி அக்காவாவது கதைச்சிருப்பா."

"டெலிபோனில எப்பிடிச் சொல்லுறது?"

"இப்ப சொல்லுறியள்தானே?"

அவன் இன்னொரு காசைப் போட்டான்.

"பந்தை விட ஏலாமல் நிக்கிறியள் எண்டு நினைச்சன்" என்றாள். "அப்பிடியெண்டா உங்களோட கோவிச்சுக்கொண்டு போயிருப்பன். இப்ப கோவமும் இல்லாமல் போகவேணும்." பிறகு, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம். விழா இஞ்ச."

"சரி, அப்ப" என்றாள். வைத்துவிட்டாள்.

அவன் மிச்சச் சில்லறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மழை தூறத் தொடங்கியிருந்தது. அழுகை வருமாக்கும் என்று நின்று பார்த்தான். வரவில்லை. போக வேறு இடம் இல்லாதபடியால் மைதானத்துக்கே திரும்பினான்.

அங்கே மழைக்கு முன் சாமானை ஏற்ற எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹோர்ஸ்ட் ஒரு நீட்டு வாங்கின் ஒரு தலைப்பைத் தூக்கிக்கொண்டு, மற்றத் தலைப்புக்கு ஆள் இல்லாமல், வண்டி வயிறு குலுங்க நின்றான். அரியரத்தினத்தைக் கண்டதும் தாடையால் அந்தப் பக்கத்தைக் காட்டினான். அரியரத்தினம் போய்ப் பிடித்தான். இருவருமாகக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, அடுத்த வாங்குக்குத் திரும்பி வந்தார்கள்.